மலர் கொய்யுமுன் மரம் நடுக



பகவன் புத்தர் திருமுன் மலரிட்டு வணங்கும் வழக்கம் நம் இல்லங்கள்தோறும் உண்டு. அம்மலர் எங்கே பூத்தது, யார் நீர் வார்த்து வளர்த்தார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? மாசிப் பௌர்ணமியை ஒட்டி யாம் புனே நகருக்குச் சென்றபோது நேர்ந்த சிறு நிகழ்ச்சியொன்று இவ்வினாவை எம் நெஞ்சில் ஆழப் பதித்துவிட்டது. அதனை மறைவின்றி உங்கள்முன் வைக்கின்றோம்.

புனேக்கு அருகிலுள்ள தேஹு ரோடு என்னும் ஊரில், பாபாசாகேப் அம்பேத்கர் 1954ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் புத்தர் திருவுருவை நிறுவினார். அங்கும் கட்கியிலும் படைத்துறை வேலைகளை நாடிவந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. அவர்களுள் ஓர் அன்பர் இல்லத்தில் தங்கி, விகாரையில் வழிபாடு முடித்து, மறுநாள் காலை அவரோடு எம்பிரஸ் தோட்டம் காணச் சென்றோம்.

இத்தோட்டம் பாசறைப் பகுதியில், குதிரைப் பந்தய மைதானத்தை அடுத்து, ஏறத்தாழ 39 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ளது. முற்காலத்தில் இதற்குப் போர்வீரர் தோட்டம் என்று பெயர். 1876இல் இந்தியப் பேரரசி என்னும் பட்டம் ஏற்ற விக்டோரியா அரசியாரை நினைவூட்டுவது இன்றைய பெயர். மேற்கிந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தார் இதனைப் பேணி, ஆண்டுதோறும் ஜனவரியில் மலர்க் கண்காட்சி நடத்துகின்றனர். நெடுமரங்களைத் தழுவி ஏறும் மாபெருங் கொடியொன்று அங்கே உண்டு. மலைப்பாம்பு போல் முறுக்கிய அதன் தண்டின் நிழலில் குழந்தைகள் ஆடிக்கொண்டிருந்தனர். பேரரசும் போய்விட்டது, அன்று மரம் நட்டவர் பெயரும் மறைந்துவிட்டது. நிழல் மட்டும் வருவோர்க்கெல்லாம் வேற்றுமையின்றிக் கிடைக்கின்றது.

ஓரிடத்தில் அசோக மரமொன்று பூத்திருந்தது. நெட்டிலிங்கத்தையே அசோகு என்று மயங்குவோர் பலர். உண்மை அசோகு, கிளையிலும் அடிமரத்திலும் செம்மஞ்சட் கொத்துக்களாகப் பூப்பது. பகவன் உலும்பினியில் அவதரித்தபோது அன்னை மாயாதேவி பற்றி நின்றது அசோகின் கிளை என்று கூறுவாரும் உளர். எம்முடன் வந்த உபாசிகையார் அறுபதைக் கடந்தவர். அம்மரத்தைக் கண்டதும் கண்ணீர் மல்க நின்றார். தாழ்ந்த கிளையில் இருந்த கொத்தொன்றை, “இது மாலைப் பூசைக்கு ஆகும்” என்று சுட்டிக்காட்டியவர்கள் யாமே. அவர் எட்டி அதனை ஒடித்தார்.

வயது முதிர்ந்த தோட்டக்காரர் ஒருவர் இதனைக் கண்டு அருகில் வந்தார். அவர் சினக்கவில்லை. “ஆயி, யாருக்குப் பூ?” என்று மராத்தியில் வினவினார். புத்தர் பெருமானுக்கு என்று எம் அன்பர் எடுத்துரைத்தார். முதியவர் கைகூப்பினார். பிறகு, “இம்மரத்துக்கு நாள்தோறும் நீர் விடுபவன் நான். என் வீட்டிலும் பூசை உண்டு. ஆயினும் மரத்திலிருந்து ஒரு பூவும் நான் எடுத்ததில்லை. விடியலில் தானே உதிர்ந்து கிடப்பதைத்தான் பொறுக்கிச் செல்வேன். மற்றவை பார்க்க வருகிறவர்களுக்கு உரியவை” என்று கூறிவிட்டு, மண்வெட்டியோடு தம் வேலைக்குத் திரும்பினார்.

அன்று மாலை அவ்வம்மையார் அக்கொத்தைத் திருவுருவின்முன் வைக்கவில்லை. விளக்கும் நீரும் மட்டுமே வைத்தார். மலர் சாளரத்தின் ஓரத்தில் கிடந்து வாடிற்று. கூடியிருந்தோருள் ஒருவர், “அம்மா, எண்ணமே கம்மம் என்பதன்றோ தம்மம்? பக்தியோடு கொய்த மலரில் குற்றம் ஏது?” என்று ஆறுதல் கூறினார். அம்மையாரோ, “ஐயா, காலையில்தான் பஞ்சசீலம் ஏற்றோம். கொடுக்கப்படாததை எடேன் என்று வாயால் சொன்னேன். உச்சிப்பொழுது வரைகூட அது நிற்கவில்லையே” என்றார். அதற்கு மறுமொழி கூற எமக்கு நா எழவில்லை. கொத்தைக் காட்டிய கை எம் கையன்றோ?

அன்பர்களே, எண்ணமே கம்மம் என்பது மெய். ஆனால் அவ்வெண்ணத்தை நன்கு பிரித்துப் பார்த்தல் வேண்டும். பகவனுக்கு அளிக்கவேண்டும் என்பது ஓர் எண்ணம். நீர் வாராமல், காத்திராமல், பிறர் உழைப்பில் விளைந்ததை நம் காணிக்கையாகக் காட்டவேண்டும் என்பது அதன் நிழலில் ஒளிந்திருக்கும் மற்றோர் எண்ணம். முன்னது தானம், பின்னது அவா. பக்தி என்னும் ஆடை போர்த்து வரும் அவாவை அறிந்துகொள்வது மிகக் கடினம்.

யாருடைய புண்ணியம் இரவும் பகலும் வளர்கிறது என்று ஒரு தேவன் பகவனை வினவிய செய்தி சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. சோலை வைப்போர், மரம் நடுவோர், பாலம் அமைப்போர், நீர்ப்பந்தலும் கிணறும் உறையுளும் தருவோர் என்பதே பகவன் விடையின் கருத்து. நட்டவன் உறங்கும்போதும் மரம் வளர்கின்றது; அவன் புண்ணியமும் அவ்வாறே.

இதனைச் செயலில் காட்டியவர் அசோக மன்னர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அவர் வழியெங்கும் ஆலமரங்களும் மாந்தோப்புக்களும் வைத்தார். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் தாமிரபரணியாகிய இலங்கையிலும் மருத்துவ வசதி செய்ததையும், மருந்துச் செடிகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்ந்து நடுவித்ததையும் அவருடைய இரண்டாம் பாறைச் சாசனம் கூறுகின்றது. தமிழகமும் அப்பயனுக்குள் அடங்கியது என்பதை நாம் மறத்தலாகாது.

பர்மிய நாட்டுச் செய்தியொன்றும் கேளுங்கள். கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த வாலிக் என்பார், 1820களில் மார்த்தபான் பகுதியில் பாழ்பட்ட பௌத்த மடமொன்றின் தோட்டத்தில் செந்நிறக் கொத்துக்கள் தொங்கும் அரிய மரத்தைக் கண்டார். அம்மலர்கள் அருகிலிருந்த குகையில் புத்தர் திருவுருவங்களுக்குப் படைக்கப்பட்டிருந்தன. ஆம்ஹெர்ஸ்டியா என்று பெயர் பெற்ற அம்மரம் காட்டில் தானே வளர்ந்து காணப்படுவது மிக அரிது. இன்று அதனை நாம் தோட்டங்களிலேயே காண்கிறோம். பூசைக்கு மலர் வேண்டியவர்கள் முதலில் மரத்தை நட்டார்கள். மடம் இடிந்தபின்னும் அவர்கள் காணிக்கை பூத்துக்கொண்டே இருந்தது.

புத்தகயையின் போதிமரம் 1876இல் வீழ்ந்தபோது, 1881இல் புதிய கன்று நடப்பட்டது. இன்று நாம் வணங்குவது அதனையே. நடுவார் கையில்லையேல் போதிக்கும் நிழல் இல்லை.

புனேயிலிருந்து திரும்பிய அவ்வம்மையார், ஒரு நாற்றங்காலில் அசோகக் கன்று விலைக்கு வாங்கி, எம் சங்க மண்டபத்து முற்றத்தில் வைசாகப் பௌர்ணமியன்று நட்டார். “இது பூக்கும்போது நீங்கள் இருப்பீர்களா, பாட்டி?” என்று ஒரு சிறுமி வெள்ளை மனத்தோடு கேட்டுவிட்டாள். அம்மையார் நகைத்து, “நீ இருப்பாய் அல்லவா? உதிர்ந்ததை எடுத்துப் பகவனுக்கு வை. கிளையை ஒடிக்காதே” என்றார்.

ஆதலின், அன்பர்களே, ஊர்தோறும் உள்ள நம் சங்கத்தார் மண்டப முற்றத்தில் ஒரு மரமேனும் நடுவாராக. முற்றம் இல்லார் தொட்டியில் ஒரு செடி வளர்ப்பாராக. பொதுத் தோட்டத்திற்குச் சென்றால் கண்ணால் மட்டுமே மலரைக் கொள்வாராக. தாமே நீர் வார்த்த செடியின் மலர் கிடைக்கும்வரை, விளக்கும் நீரும் வைத்து வணங்கினாலும் பூசையில் குறைவு ஏதும் இல்லை.

நமோ புத்தாய!