பக்கத்தில் நிற்பவள்

கர்நாடக இசைக் கச்சேரியின் பின்திரையில் நவீன ஓவியங்களையோ காணொளியையோ ஓடவிடுவது இன்று புதிய முயற்சியாகப் பேசப்படுகிறது. செவிக்கு மரபு, கண்ணுக்குப் புதுமை. இரண்டும் சேரும்போது எது எதற்குப் பணிந்து நடக்கிறது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்கும் எல்லா இடங்களிலும், வீட்டிலும்கூட, பெண்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

திருவண்ணாமலையில் இசையும் காட்சியும் சேர்ந்திருப்பது புதிதல்ல. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரம், 11 நிலை கொண்டது. அதன் வாயில் சுவர்களில் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் கரணங்களைப் பெண்கள் கல்லில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே நாகசுரம் ஒலிக்கிறது.

கோயில் மரபில் நாகசுரமும் தவிலும் பெரிய மேளம். பெண்களின் ஆட்டம் சின்ன மேளம். பெயரிலேயே படிநிலை இருக்கிறது. 1947இல் வந்த சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்தது. கோயிலில் அப்பெண்கள் ஆடுவதையும் தடைசெய்தது. பொட்டுக்கட்டுதல் ஒழிய வேண்டிய வழக்கம்தான். இசை வேளாளர் குடும்பத்திலிருந்தே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதை ஒழிக்கப் போராடினார். ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். பெரிய மேளம் கோயிலிலேயே தங்கியது, சின்ன மேளம் வெளியேறியது. கல்லில் ஆடும் பெண்களை யாரும் வெளியேற்றவில்லை.

கச்சேரி மேடைக்கு வருவோம். பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்கு மிருதங்கம் வாசிக்காமல் இருந்தார், பிறகுதான் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். பக்கவாத்தியக்காரரான ஆணால், நடுவில் அமர்ந்து பாடும் பெண்ணை மறுக்க முடிந்தது. கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபாலும் பக்கவாத்தியக் கலைஞர்தான். பெண்ணோடு வாசிக்க மாட்டோம் என்ற மிருதங்கக்காரர்களால் அவர் மேடைகளை இழந்தார். ஆக, நடுவில் இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் அதிகாரத்தைத் தீர்மானிக்கவில்லை. யாரால் மறுக்க முடிகிறது என்பதே தீர்மானித்தது.

மறுத்த ஒரு பெண்ணைப் பார்ப்போம். 1952இல் சந்திரலேகாவின் பரதநாட்டிய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. ‘மதுரா நகரிலோ’ பாடலுக்கு, ஆற்றுநீரில் விளையாடும் பெண்களை அவர் அபிநயித்துக்கொண்டிருந்தார். அப்போது வறண்டு வெடித்த நிலமும், குடிதண்ணீருக்கு வரிசையில் நிற்கும் மக்களும் மனத்தில் எழ, தாம் உறைந்துபோனதாகப் பின்னாளில் சொன்னார். பாட்டில் ஆறு ஓடுகிறது, பாட்டுக்கு வெளியே குடம் காலி. ஏரியையும் மழையையும் நம்பியிருக்கும் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகி, சுவரொட்டி வடிவமைப்பிலும் பெண்ணியச் செயல்பாட்டிலும் இருந்த அவர், 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பினார். 2001இல் வந்த ‘சரீரா’வில் துருபத் இசை ஒலிக்க, ஒரு பெண்ணும் ஒரு ஆணும் மிக மெதுவாக அசைகிறார்கள். தலைவனுக்காக ஏங்கும் நாயகி அங்கே இல்லை. உடல் பாட்டுக்குப் பொருள் சொல்வதில்லை. கோடாகவும் வளைவாகவும் தன் போக்கில் விரிகிறது. இசை அதன் பக்கத்தில் நடக்கிறது.

அப்படியானால் பாட்டுக்கு அபிநயம் பிடிப்பது அடிமைத்தனமா? இல்லை என்பதற்கு பாலசரஸ்வதி சாட்சி. வெளியேற்றப்பட்ட அந்த மரபில் பிறந்தவர், வீணை தனம்மாளின் பேத்தி. பதத்தின் ஒரே வரியைத் தாமே பாடி, அதற்கு விதவிதமாகப் பொருள் விரித்தார். நாட்டியத்தைத் ‘தூய்மை’ப்படுத்த சிருங்காரத்தைக் குறைக்க வேண்டும் என்றவர்களுக்கு அவர் இணங்கவில்லை. சந்திரலேகா பாட்டின் பொருளை மறுத்தார். பாலசரஸ்வதி அந்தப் பொருளைத் தம்மிடமிருந்து பறிப்பதை மறுத்தார். எதிரெதிர்த் திசைகள் என்றாலும் இருவர் கலைக்கும் கண்ணியம் அந்த மறுப்பிலிருந்தே வந்தது.

மறுப்பதற்கும் முதல் வேண்டும். சந்திரலேகாவுக்குக் கல்வியும் வசதியும் நகரத்து நட்புகளும் இருந்தன. பாலசரஸ்வதிக்குப் புகழ் இருந்தது. சின்ன மேளத்தின் பெயர் தெரியாத பெண்களுக்கு இவை எதுவும் இல்லை. பொட்டுக் கட்டியபோதும் அவர்களில் பெரும்பாலோரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, ஆட்டத்தை நிறுத்தியபோதும் கேட்கவில்லை. கோபுரத்துக் கல்பெண்கள் எதையும் மறுக்க முடியாதவர்கள். அவர்களைப் போற்றுவது எளிது.

எனவே இசையையும் காட்சியையும் இணைக்கும் முயற்சிகளை அழகை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. திரையில் ஓடும் ஓவியத்தை வரைந்தவர் பெயர் அழைப்பிதழில், பாடகரின் பெயர் அளவில் இருக்கிறதா? சன்மானம் எப்படிப் பிரிகிறது? “இந்தப் பாட்டுக்கு நான் வரைய மாட்டேன்” என்று அவள் சொன்னால் கச்சேரி வேறு பாட்டைத் தேடுமா, வேறு ஓவியரைத் தேடுமா?