பெண்மகவும் வினைக்கொள்கையும்

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டியைச் சூழ்ந்த சிற்றூர்களிற் பெண்மகவுகள் பிறந்த சின்னாளிலேயே எருக்கம்பாலானும் நெல்மணியானும் உயிர் போக்கப்பட்ட செய்தியை 1986ஆம் ஆண்டில் ‘இந்தியா டுடே’ இதழ் வெளிப்படுத்தியது. அரசினர் 1992இற் சேலத்திற் றொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரைக்கும் வந்தது. அக்கொடுமை அருகியதாயினும், கருவிலேயே பெண்ணென்றறிந்து அழிக்கும் புதுக்கொடுமை அதனிடத்தைப் பற்றிக்கொண்டது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விலக்கியும், 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆண்மக்கள் ஆயிரவர்க்குப் பெண்மக்கள் 943 பேரே.

இது வறுமையான் வந்ததென்பாருளர். வறியரல்லாதாரும் செய்தமையின் அவ்விடை நிரம்பாது. வரதட்சிணையாகப் பொன்னும் பணமும் கொடுத்த பின்னரும், தலைப்பிள்ளைப்பேறு, காதணி விழா எனப் பிறந்த வீட்டார் செலுத்தும் செய்முறை ஓய்வதில்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. இவற்றினும் வலியது, ஊரார் நகைப்பரென்னும் அச்சம். பெண்ணே பெறுவாளை மாமியார் பழித்தலும் கணவன் புடைத்தலும் வழக்காயின. சிலவிடத்து எருக்கம்பால் ஊட்டிய கை பாட்டியின் கையே. அவளும் ஒருகாற் பெண்ணென்று பழிக்கப்பட்டவளன்றோ?

ஈண்டு நம்மனோர் ஆராயற்பாலதொன்றுண்டு. ‘அம்மகவின் பிராரத்தம் அவ்வளவே, கொன்றார் கருவி மாத்திரையர்’ என்று சித்தாந்தம் பேசுவாரையும் யாம் கேட்டிருக்கின்றேம். அற்றன்று. வினை சடமாகலின் தானே சென்று பொருந்தாது, உயிரும் அதனைத் தானே எடுத்துக்கொள்ளமாட்டாது, கூட்டுவிப்பவன் இறைவனொருவனே. அவன் தொழிலை மேற்கொள்ள நமக்கு ஆணையில்லை. வாளுக்கு ஆகாமியமில்லை, அறிவும் இச்சையும் உடையனாகலின் வாளேந்தியவனுக்கு உண்டு. அன்றியும், ஆண் பெண்ணென்பன உடம்பின் வேற்றுமையேயன்றி உயிரின் வேற்றுமையல்ல. இதனை நாடோறும் பாடஞ் சொல்லும் நாம் பெண்பிறப்பென்று முகஞ் சுளிப்பது எங்ஙனம்?

மலயத்துவச பாண்டியன் மைந்தனை வேண்டி வேள்வி செய்தபோது, தீயினின்று மூன்றாண்டுப் பெண்மகவு மூன்று தனங்களோடு எழுந்ததெனத் திருவிளையாடற் புராணங் கூறும். மாற்றார் நகைப்பரே என்று மன்னன் வருந்தினான். அரசனுக்கும் அதே நோய்! மைந்தற்குரிய சடங்கெல்லாம் செய்து முடிசூட்டுகவென்று வானில் ஓர் உரை எழுந்தது. அவளே தடாதகைப் பிராட்டி.

இப்படலத்தை யாம் பல்லாண்டு கோயின் மண்டபத்து விரித்துரைத்தேம். ஓராண்டு உரை முடிந்தபின் ஒரு தாய் தன் இரண்டாம் பெண்மகவை ஏந்தி வந்து நின்றாள். திருநீறளித்து, ‘அடுத்தது ஆணாகுக’ என வாழ்த்தினேம். அவள் முகங் கவிழ்ந்தது. யாது குறையென்று அன்று வினவினேமல்லேம்.