எது அசல்?

பாழாய்க் கிடக்கும் பழைய வண்டி ஒன்றுக்கு உயிர் கொடுக்கும்போது நாம் எதைக் காப்பாற்றுகிறோம்? இரும்பையா, பெயரையா?

தொட்டியத்தில் வாழைக்கொல்லை ஓரமாக ஒரு வில்லிஸ் ஜீப்பைப் பார்த்தேன். இரண்டாவது உலக யுத்தத்துக்காக, 1941-லிருந்து 1945-க்குள் அமெரிக்காவில் 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய ஜாதி. 4 சிலிண்டர், 60 குதிரைச் சக்தி. யாரோ எப்போதோ பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டியிருந்தார்கள். அசல் மாறாமல் புதுப்பிக்க வேண்டும் என்பது சொந்தக்காரரின் விரதம்.

சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று மிலிந்த மன்னனைக் கேட்டாராம் நாகசேனர். எதுவும் இல்லை; எல்லாம் சேர்ந்தால்தான் தேர் என்ற பெயர். இவ்வூர் மதுரைகாளியம்மன் தேர் மனிதர் தோளில் வருகிறது. தலைமுறைக்குத் தலைமுறை தோள்கள் மாறுகின்றன. தேர் மாறிவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

ஜீப்பும் அப்படித்தான். வில்லிஸ் செய்த உறுப்பு போர்டு செய்த வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதே ராணுவத்தின் ஏற்பாடு. அப்படியானால் எதை வேண்டுமானாலும் மாட்டலாமா? கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது. தேய்ந்ததற்கு அதே இனத்தைப் போடுவது பராமரிப்பு. வேறொன்றை மாட்டிவிட்டுப் பழைய பெயரைச் சொல்லிக்கொள்வது பொய்.

ஆனால் டீசல் மாட்டியவனைத் திட்ட எனக்கு மனமில்லை. பெட்ரோல் செலவு கட்டாத காலத்தில், வண்டி பழைய இரும்புக்குப் போகாமல் தடுத்தவன் அவன்தான். எஞ்சின் பழையபடி வரட்டும். தரைத்தகட்டில் உள்ளூர்க் கொல்லன் வைத்த ஒட்டு மட்டும் இருக்கட்டும் என்றேன். அது வேஷமல்ல, வைத்தியம்.