நகலும் நேர்மையும்

ஒன்றைப் போல ஒலிப்பது போலியாகிவிடுமா? இந்தப் பழைய வினா, கித்தார் இசைக்கும் நம் இளைஞரிடையே இன்று புது வடிவில் எழுகிறது. கண்ணாடிக் குழாய்கள் ஒளிரும் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒருபுறம். அதன் ஒலியைக் கணக்கீட்டால் உருவாக்கித் தரும் டிஜிட்டல் மாடலர் மறுபுறம். முன்னதே மெய், பின்னது பொய் என்பார் பலர். இத்தீர்ப்பு சரிதானா?

வால்வின் உள்ளிருக்கும் இழை சூடேறிய பின்னரே அது பேசத் தொடங்கும். அதன் தாங்கும் அளவை மீறி ஒலியைக் கூட்டினால், அலைகளின் முகடுகள் மழுங்கிப் புதிய மேற்சுரங்கள் பிறக்கும். பொறியாளருக்குப் பிழையாகத் தோன்றிய இது, இசைஞருக்கு அழகாயிற்று. அந்தப் பிழையையே எண்களாக்கிப் பின்பற்றுகிறது மாடலர். 1998இல் லைன் 6 நிறுவனம் வெளியிட்ட 'பாட்' என்ற சிறு கருவி இம்முறையைப் பரவலாக்கியது.

ஆனால், மெய்யென்று போற்றப்படும் கருவியின் பிறப்பு எத்தகையது? 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜே.டி.எம். 45, அமெரிக்கரின் ஃபெண்டர் பாஸ்மேன் மின்சுற்றைப் பார்த்துச் செய்யப்பட்டதே. அங்குக் கிடைத்த உதிரிப் பாகங்கள் வேறாயிருந்தமையால் ஒலியும் வேறாயிற்று. நகலாகத் தொடங்கியது, காலப்போக்கில் பிறர் நகலெடுக்கும் மூலமாகிவிட்டது. ஆகவே, பிறப்பை மட்டும் கொண்டு ஒரு கருவியைப் பழிப்பது முறையன்று.

பயனையும் பார்க்க வேண்டும். வால்வு தன் முழு அழகையும் உரத்த ஒலியில்தான் தரும். 1962இல் மின் உற்பத்தி தொடங்கிய நெய்வேலியிலோ சுரங்கமும் அனல் மின் நிலையமும் இரவிலும் ஓய்வதில்லை. இரவு ஷிப்டு முடித்த தொழிலாளி பகலில்தான் கண்ணயர்கிறார். அடுத்த வீட்டு இளைஞரின் கருவி எதுவாயினும் அதற்கு மின்சாரம் தந்தது அவரைப் போன்றோரின் உழைப்பே. மாடலரில் ஹெட்போனை மாட்டிப் பயிற்சி செய்யும் இளைஞர் அந்த உறக்கத்தை மதிக்கிறார். இசையின் மெய்ம்மை அயலாரின் அமைதியைவிடப் பெரிதோ?

எனினும் இழப்பில்லை என்று சொல்லிவிட இயலாது. வால்வு கருவியின் ஒலி அறையின் காற்றை அசைக்கும். கித்தாரின் தந்தியே அதற்கு மறுமொழியாய் அதிரும். சூழ இருப்போர் அனைவரும் அதை ஒன்றாய்க் கேட்பர். ஹெட்போனுக்குள் அடங்கிய இசையில் இந்தக் கூட்டுறவு இல்லை. பயிற்சிக்குத் தனிமை போதும், பாடற்குழுவுக்குப் போதாது.

அப்படியானால் போலி எங்கே தொடங்குகிறது? 1958இல் உரோமை வெளியிட்ட திரு இசை பற்றிய அறிவுரை இங்கு நினைக்கத்தக்கது. குழாய் ஆர்கன் வாங்க வசதியற்ற இடங்களில் மின்னணு ஆர்கனைத் தற்காலிகமாக, ஆயரின் இசைவுடன், அது ஏற்றது. ஆனால் தானே இசைக்கும் ஆர்கனையும் இசைத்தட்டையும் ஒலிப்பதிவுக் கருவியையும் வழிபாட்டில் முற்றிலும் விலக்கியது. மின்னணுக் கருவியாயினும் அதை ஒரு மனிதர் இசைக்கிறார். இசைத்தட்டு சுழலும்போது இசைப்பவர் அங்கில்லை.

மாடலரும் விரல் தந்தியைத் தொடும்வரை ஊமைதான். தவறிய சுரத்தைத் தவறாகவே ஒலிக்கும், உழைக்காதவரைக் கலைஞராக்காது. பதிவு செய்த பாடலை ஓடவிட்டு உதடு மட்டும் அசைப்போமாயின், எத்தனை விலையுயர்ந்த வால்வு கருவி வழியே அது வந்தாலும் பொய்யே. ஆதலால் எளிய கருவியோடு வரும் இளைஞரிடம் அதன் விலையையும் பெயரையும் கேளாதிருப்போம். அவர் உண்மையாய் இசைக்கிறாரா என்பதைச் செவிமடுப்போம்.