கையெழுத்தும் சம்மதமும்

2016 ஜனவரியில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹெச்.எம்.டி. குழுமத்தின் கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஊழியர்களுக்கு 2007-ஆம் ஆண்டுச் சம்பள விகிதத்தின் அடிப்படையில் விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. ஆலையே மூடப்படும்போது, ‘விருப்பம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இன்று அந்நகரின் மென்பொருள் ஊழியர் பலர் முன்னும் இக்கேள்வி நிற்கிறது. வேலையை இழந்தவரிடம் ஓர் ஒப்பந்தம் நீட்டப்படுகிறது: ‘இத்தொகையைப் பெற்றுக்கொண்டேன், இனி எவ்வுரிமையும் கோரேன்.’ அவமானமும் அச்சமும் சூழ, அதைப் படிக்காமலே கையெழுத்திடுவோர் உண்டு. ‘போகட்டும், எனக்குப் பணத்தில் பற்றில்லை’ என்று சிலர் தம்மைத் தேற்றிக்கொள்வர்.

இது பற்றின்மையா? தன்னுடையது இன்னதென்று அறிந்து, அதை மனமுவந்து விடுவதே துறவு. அறியாமல் விடுவது இழப்பு. அஞ்சி விடுவது தளர்ச்சி. குடும்பஸ்தர் விட்டுக்கொடுப்பதில் மனைவி மக்களின் பங்கும் அடங்கியிருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெற்ற சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதமாகக் கருதுவதில்லை.

ஆகவே அவகாசம் கேட்பது பேராசையாகாது. நிலுவைச் சம்பளமும், தகுதியுடையோர்க்குரிய பணிக்கொடையும் உழைத்துப் பெற்ற உரிமைகள். அவற்றுக்கு மேல் தரப்படுவதே கையெழுத்துக்கான விலை. இரண்டையும் பிரித்தறிய வேண்டும். சட்டம் அறிந்தவரைக் கலந்துகொள்ள வேண்டும். அதன்பின் ஏற்றாலும் மறுத்தாலும் அம்முடிவு நம்முடையது. கோபமின்றிக் கேட்கலாம், அச்சமின்றிக் கையெழுத்திடலாம். வேலை போனபின்னும் நம்மை விட்டுப் போகாத சுதந்திரம் இதுவே.