கண்ட அளவும் சொல்லும் அளவும்: பழைய வீடியோ விளையாட்டுகளும் மதிப்புரையாளர் அறமும்

ஒரு படைப்பை முழுமையாகக் காணாத ஒருவர் அதனைப் பற்றித் தீர்ப்புக் கூறலாமா என்பது திறனாய்வுலகில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினாவாகும். நூல்களைப் பொறுத்தவரை இவ்வினா அத்துணைக் கூர்மை பெறுவதில்லை. எழுத்தறிந்தவர் பொறுமையும் உடையவராயின் எந்நூலையும் இறுதிப் பக்கம் வரை வாசித்துவிடலாம்; நூல் அவரைத் தடுப்பதில்லை. திரைப்படமும் அத்தகையதே. இருக்கையை விட்டு எழாதவருக்கு அது தன் முடிவை மறைப்பதில்லை. ஆயின், தன்னை நாடி வருவோரைத் தடுத்து நிறுத்துவதையே இயல்பாகக் கொண்ட கலைவடிவம் ஒன்றும் இந்நூற்றாண்டினருக்குப் பழக்கமாகியுள்ளது. அதுவே வீடியோ விளையாட்டு. கையும் கண்ணும் ஒத்துழையாதவரை அது இரண்டாம் கட்டத்திலேயே நிறுத்திவிடும். அவ்வாறு நிறுத்தப்பட்டவருக்கு அதனைப் பற்றிப் பேசும் தகுதி உண்டா? தொடக்க நோக்கில் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இவ்வினா, தீர்ப்பு என்பதன் அறம் யாது என்ற பெருவினாவுக்கு இட்டுச் செல்வதாகும்.

நின்டென்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு யூலை மாதம் ஜப்பானில் ஃபமிகொம் என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது 1979இலும், ரூபவாஹினி தொடங்கியது 1982இலுமாகும். தொலைக்காட்சிப் பெட்டி பரவலாக வீடுகளுக்குள் வந்த பின்னரே அதனோடு இணைக்கும் இத்தகைய கருவிகளும் வந்தன. அவ்வாறு வந்தவற்றுட் பெரும்பாலானவை நின்டென்டோவின் கருவிகள் அல்ல. அதனைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவான நகல்களே. ‘ரீ.வி. கேம்’ என்று அவை அழைக்கப்பட்டன. அவற்றிற் செருகும் கசெற்றுகள் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளைத் தம்முள் அடக்கியவையாக மேலட்டையிற் பறைசாற்றின. திறந்து பார்த்தால் ஒரே விளையாட்டு வெவ்வேறு பெயர்களில் மீண்டும் மீண்டும் வரும். அக்கருவிகளுடன் வளர்ந்த தலைமுறை இன்று நடுவயதை எட்டியுள்ளது. அப்பழைய விளையாட்டுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக ஆடி முடித்து, மதிப்புரை வழங்கும் வழக்கம் உலகெங்கும் பெருகியுள்ளது. இம்மதிப்புரையாளரின் கடமை யாது என்பதே இங்கு ஆராயப்படுவது.

முற்ற ஆடியவரே மதிப்பிடலாம் என்பது முதலாவது நிலைப்பாடு. இதனை மறுப்போர் ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழியைத் துணைக்கு அழைப்பர். பழமொழி பொய்யன்று, அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே உலையில் ஒரே நேரத்தில் வெந்த சோற்றுக்கே அது பொருந்தும். கட்டத்துக்குக் கட்டம் தன்மை மாறும் படைப்புக்கு அது பொருந்தாது. கப்கொம் நிறுவனத்தின் ‘கோஸ்ட்ஸ் அன் கொப்ளின்ஸ்’ 1985இல் காசிட்டு ஆடும் இயந்திரத்துக்கும், மறு ஆண்டில் வீட்டுக் கருவிக்குமாக வெளிவந்தது. மிகக் கடினமான அவ்விளையாட்டை அரும்பாடுபட்டு முடித்தவருக்கு, அவர் கண்ட வெற்றி சாத்தானின் மாயை என்றே திரை அறிவிக்கும். தொடக்கத்திலிருந்து மீண்டும் ஒருமுறை முழுவதையும் ஆடினாலன்றி உண்மையான முடிவு தோன்றாது. ஒருமுறை முடித்தவருங்கூட இப்படைப்பின் உள்ளக் கிடக்கையை அறியார் எனின், முதற் கட்டத்தோடு நின்றவர் அதனை எவ்வாறு அறிவார்? இவ்வகையில் முதல் நிலைப்பாடு வலுவுடையதாகவே தோன்றுகிறது.

எனினும், ‘முடித்தல்’ என்ற சொல்லைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து இவ்வலிமை தளர்கிறது. 1985இல் வெளிவந்த ‘சுப்பர் மரியோ பிரதர்ஸ்’ எட்டு உலகங்களையும், ஒவ்வோர் உலகிலும் நான்காக மொத்தம் 32 கட்டங்களையும் உடையது. முதல் உலகின் இரண்டாம் கட்டத்திலும் நான்காம் உலகின் இரண்டாம் கட்டத்திலும் மறைவான குறுக்குவழிகள் உள்ளன. அவற்றை அறிந்தவர் எட்டுக் கட்டங்களை மாத்திரம் கடந்து இறுதியை அடையலாம். அவர் விளையாட்டை முடித்தவரே. ஆயினும் அதன் முக்காற்பங்கை அவர் கண்டதில்லை. குறுக்குவழி அறியாது ஏழாம் உலகம் வரை நடந்து அங்கே தோற்றவர் முடிக்காதவர்; ஆயினும் அவர் கண்டது முன்னவர் கண்டதன் மும்மடங்குக்குக் குறையாது. இவ்விருவருள் அப்படைப்பை அறிந்தவர் யார்? முடிவைத் தொட்டமை மட்டுமே தகுதியாயின், அத்தகுதி அறிவுக்கு அளவுகோலாகாது என்பது வெளிப்படை.

முடிவே இல்லாத விளையாட்டுகளும் உண்டு. அலெக்சி பஜித்னோவ் 1984இல் மொஸ்கோவில் உருவாக்கிய டெட்ரிஸ் அவற்றுள் ஒன்று. அதன் நின்டென்டோ வடிவம் 1989இல் வந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157ஆம் நிலையை எட்டியபோது கருவியே மேற்கொண்டு இயங்காது நின்றது. மனிதர் ஒருவர் அவ்விளையாட்டை அதன் எல்லை வரை ஆடியது அதுவே முதன்முறை. முற்ற ஆடியவரே மதிப்பிடலாம் எனின், அதுகாறும் 34 ஆண்டுகள் டெட்ரிசைப் பற்றிப் பேச உலகில் எவருக்கும் உரிமை இருந்திராது. இன்னும், ஆக்கியோனே தன் ஆக்கத்தை முடிக்க இயலாத நிலையும் நேர்ந்துள்ளது. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986இல் வெளிவந்த ‘கிராடியஸ்’ விளையாட்டின் வீட்டுக் கருவி வடிவத்தைச் சோதிக்கையில், அது தமக்கே மிகக் கடினமாயிருக்கக் கண்டார். எனவே, குறித்த வரிசையிற் பொத்தான்களை அழுத்தினால் ஆடுவோருக்குப் பலம் அனைத்தும் கிட்டுமாறு ஓர் இரகசியக் குறியீட்டை அமைத்துக்கொண்டார். பின்னர் புகழ்பெற்ற கொனாமிக் குறியீடு தோன்றிய வரலாறு இதுவே. ஆக்கியோனுக்கு வேண்டியிருந்த துணையை மதிப்புரையாளர் பெற்றால் அது குற்றமாகுமா?

இனி, ஆடும் சூழ்நிலையும் கருத்திற் கொள்ளத்தக்கது. அக்கால விளையாட்டுகளுட் பல, ஆடியவரை விட்ட இடத்திலிருந்து தொடரவிடா. கருவியை நிறுத்தினால் எல்லாம் தொடக்கத்துக்கே திரும்பும். வறட்சியினால் 1996இல் நாடெங்கும் நீண்ட மின்வெட்டு நிலவிய காலத்தில், மாலையில் ஆடத் தொடங்கிய ஒருவருக்கு விளையாட்டின் இறுதி எதிரி மின்வெட்டாகவே இருந்திருத்தல் கூடும். இன்றோ பழைய கருவியைப் போலச் செய்யும் மென்பொருள் கணினியில் உள்ளது. நினைத்த இடத்தில் நிலையைச் சேமிக்கலாம். தவறு நேர்ந்தால் பின்னோக்கிச் சென்று திருத்தலாம். சேமித்துச் சேமித்து ஆடியவர் ‘இது எளிய விளையாட்டு’ என்பார். அவ்வசதியின்றி ஆடியவர் ‘இது கொடிய விளையாட்டு’ என்பார். இருவரும் பொய்யுரைத்தாரல்லர், இருவரும் ஒன்றையே கண்டாருமல்லர். வேகங்கூட ஒன்றாயிருந்ததில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சித் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டது. இலங்கையிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 50 முறையே புதுப்பிக்கப்பட்டது. இவ்வேறுபாட்டுக்கு ஏற்பத் திருத்தப்படாத விளையாட்டுகள் ஐரோப்பாவில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு மெதுவாக ஓடின. ஆகவே தூய, கலப்பற்ற மூல அனுபவம் என ஒன்றை வைத்து அதனைக் கொண்டு பிறவற்றை அளப்பது இயலாததாகிறது.

தன் இடத்தை விட்டுப் பெயர்ந்த படைப்பு அதே படைப்புத்தானா என்ற இவ்வினாவைக் கல்லிலே காண விரும்புவோர் மாத்தளை மாவட்டத்தின் நாவுலப் பகுதிக்குச் செல்லலாம். மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் கண்டி–யாழ்ப்பாண வீதியை அடுத்து, அப்பகுதியில் நாலந்தா கெடிகே அமைந்துள்ளது. கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் அச்சிறிய கற்கட்டடத்தில், பல்லவர் காலத் திராவிடக் கட்டடக்கலை மரபும் பௌத்த வழிபாட்டு மரபும் ஒன்றுகூடியுள்ளன. மகாவலித் திட்டத்தின் கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, அது நின்ற தாழ்நிலம் நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. எனவே 1970களில் அக்கட்டடம் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, உயர்ந்த நிலத்தில் மீண்டும் அடுக்கப்பட்டது. 1980 அளவில் அப்பணி நிறைவெய்தியது. இன்று அங்கு செல்பவர் காண்பது அதே கற்கள், அதே அடுக்கு, அதே சிற்பங்கள். ஆயின் நிலம் வேறு, சூழல் வேறு. ‘கெடிகேயைக் கண்டேன்’ என்று அவர் கூறுவது மெய். ‘அதனைக் கட்டியோர் நிறுத்திய இடத்திற் கண்டேன்’ என்பாராயின் அது பொய்.

தொல்பொருட் பாதுகாப்பாளர் இவ்விடர்ப்பாட்டை எதிர்கொண்ட முறை ஏனையோர்க்கும் வழிகாட்டுவதாகும். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், நினைவுச்சின்னம் ஒன்றைப் பாதுகாத்தற்கு வேறு வழியில்லாத நிலை போன்ற தவிர்க்கவியலாத காரணம் இன்றி அதனை இடம்பெயர்த்தலாகாது என்கிறது. சிதைந்த உறுப்புக்கு மாற்றாகப் புதியது சேர்க்கப்படுமிடத்து, அது முழுமையோடு இசைந்திருத்தல் வேண்டும் என்றும், அதே வேளையில் மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. இடம்பெயர்த்தல் குற்றமன்று, பெயர்த்ததை மறைத்தலே குற்றம். துணைசெய்தல் பிழையன்று, துணையை மூலமாகக் காட்டுதலே பிழை. பழைய விளையாட்டுக் கசெற்றிலிருந்து கணினிக்குப் பெயர்ந்திருக்கும் நிலையில், அதனை மதிப்பிடுவோர்க்கும் இவ்விதி பொருந்தும்.

தமிழ் மரபுக்கு இது புதிய கருத்தன்று. பவணந்தியாரின் நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளை வரையறுக்கின்றது. நூலை ஆக்கியவர் யார், அது எதன் வழியாக வந்தது, எந்நிலப் பரப்பில் வழங்குவது, அதன் பெயர் யாது, எவ்வாறு யாக்கப்பட்டது, எதனைப் பற்றியது, யார் கேட்டற்குரியது, கேட்டலால் விளையும் பயன் யாது என்பனவே அவை. நூலுக்குள் நுழையுமுன் அதன் பிறப்பையும் எல்லையையும் அறிவித்தல் கற்போர்க்குச் செய்யும் கடமை என்று நம் முன்னோர் கருதினர். மதிப்புரைக்கும் ஒரு பாயிரம் வேண்டும். ஆடியது எந்தக் கருவியில், எந்தப் பதிப்பை, எந்தத் துணைகளோடு, எந்தக் கட்டம் வரை என்னும் நான்கும் அதில் இடம்பெறின், வாசகர் தீர்ப்பின் நிறையைத் தாமே அளந்து கொள்வர்.

இவ்வாறு கூறிவிட்டால் போதுமா, ‘மூன்றாம் கட்டத்தோடு நிறுத்தினேன்’ என்று முன்னுரைத்துவிட்டு முழு விளையாட்டையும் பழிக்கலாமா என ஒருவர் வினவலாம். ஆகாது. நின்ற இடத்தை அறிவித்தல் முதற் கடமை. அவ்விடத்திலிருந்து தெரிவதற்கு அப்பால் சொல்லாதிருத்தல் இரண்டாம் கடமை. மூன்றாம் கட்டத்தில் நின்றவர் அம்மூன்று கட்டங்களைப் பற்றியும், தம்மை நிறுத்தியது யாது என்பது பற்றியும் உரைக்க முழு உரிமை உடையவர். அவர் கூறும் சலிப்பும் ஒரு சான்றே. ஆனால் படைப்பின் முழு அமைப்பும் குறையுடையது எனத் தீர்ப்பிட அவருக்கு உரிமையில்லை. ஜப்பானில் 2003இல் தொடங்கிய ‘கேம் சென்டர் சி.எக்ஸ்.’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், சினியா அரினோ என்ற நகைச்சுவைக் கலைஞர் பழைய விளையாட்டுகளை முடிக்க முயல்கிறார். அவர் பன்முறை தோற்பதும், உதவியாளர் வந்து கைகொடுப்பதும், சில வேளைகளில் முயற்சி கைவிடப்படுவதும் ஒளிவின்றிக் காட்டப்படுகின்றன. பார்ப்போர் அவர் சொல்லை நம்புவது அவர் வல்லவர் என்பதனாலன்று. அவர் எங்கே நிற்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதனாலேயே.

இத்துணை நுணுக்கம் ஒரு பொழுதுபோக்குக்குத் தேவையா? தேவை என்பதற்கு வலுவான காரணம் உண்டு. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதமானவை விற்பனையிற் கிடைக்கவில்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கிடைக்காத படைப்பைப் பொறுத்தவரை மதிப்புரையே பலருக்குப் படைப்பாகிவிடுகிறது. அட்டாரி நிறுவனத்தின் ‘ஈ.ரி.’ 1982இல் ஏறத்தாழ ஐந்து வாரங்களில் ஒருவரால் ஆக்கப்பட்டது. விற்காத பிரதிகள் 1983இல் நியூ மெக்சிக்கோவில் குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டு, 2014இல் தோண்டியெடுக்கப்பட்டன. உலகின் மிக மோசமான விளையாட்டு என அதனைக் கூறுவோருட் பலர் அதனை ஆடியவரல்லர். பிறர் கூற்றைக் கூறுவோரே. அது நல்ல விளையாட்டா என்பது வேறு வினா. ஆடாதவர் தீர்ப்பு ஆடியவர் தீர்ப்பின் குரலிற் பேசும்போது, ஆக்கியோனுக்கு மறுமொழி கூற இடமில்லாது போகிறது. வருங்காலத்தவருக்கு மெய்யை அறியும் வழியும் அடைபடுகிறது.

இவ்வினா பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கு வெளியே நிற்பதன்று. காப்பியத்தின் ஒரு காண்டத்தையும், தத்துவ ஞானியின் ஒரு சுருக்கத்தையும், வரலாற்று நூலின் முன்னுரையையும் மட்டும் கண்டு, முழுமையின் மீது தீர்ப்பெழுதும் பழக்கம் பரீட்சை மண்டபங்களிலும் விவாத மேடைகளிலும் உண்டு. எல்லாவற்றையும் முற்றக் கற்றல் எவர்க்கும் இயலாது, இயலாதது குற்றமுமன்று. அறம் கேட்பது முழுமையை அன்று, அளவை. மனிதர் மனிதரைப் பற்றிக் கூறும் தீர்ப்புகளோ இன்னும் குறைந்த காட்சியில் எழுபவை. ஒருவர் வாழ்வின் இரண்டொரு கட்டங்களைக் கண்டவரே அவரை முழுதும் அறிந்தவர்போல் உரைப்பர். எவ்வளவு கண்டோம் என்பதைச் சொல்லின் முன்னே வைத்து, சொல்லைக் கண்டதன் எல்லைக்குள் நிறுத்தும் பயிற்சியை, பழைய விளையாட்டொன்றை நேர்மையாக மதிப்பிடும் இளைஞர் பெறுவாராயின், அவர் செலவிட்ட பொழுது வீணாயிற்று என்று கூறுதல் அரிது.