பழைய கை ஓட்டுகிற வண்டி



முன்னெல்லாம் நம்முடைய ஜனங்கள் வேலைக்காகத்தான் வெளிநாடு போவார்கள். இப்போது கிருபையாய் சில குடும்பங்கள் விடுமுறைக்கும் போகிறார்கள். "டூர் பஸ் வேண்டாம்ப்பா, நாமே காரை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போங்க, தப்பில்லை. ஆனால் போய் இறங்குகிற அந்த முதல் நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஐஸ்லாந்து தேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து அங்கே நேர் விமானம் கிடையாது. வழியில் ஓரிடத்தில் மாறி, கெப்லவிக் விமான நிலையத்தில் இறங்கும்போது ஒரு இராத்திரித் தூக்கம் போயிருக்கும். நம்முடைய கடிகாரத்துக்கும் அவர்களுடைய கடிகாரத்துக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். ஜூன் மாதத்திலே நடு இராத்திரியிலும் வெளிச்சம் இருக்கும். சரீரம் "படு" என்கிறது, கண் "இன்னும் பகல்தான்" என்கிறது. தலைநகரம் ரெய்க்யவிக் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். "இவ்வளவுதானே!" என்று சாவியை வாங்கிவிடுகிறோம்.

அங்கே வண்டிகள் வலது பக்கமாய்ப் போகும். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். கியர் போட இடது கை போகிறது, கதவில் இடிக்கிறது. இண்டிகேட்டர் என்று தட்டினால், நல்ல வெயிலிலே வைப்பர் ஆடுகிறது! பெட்ரோல் போடப் போனால் பல இடங்களில் ஆள் இல்லை. இயந்திரம் கார்டின் இரகசிய எண்ணைக் கேட்கிறது, எண் ஞாபகத்துக்கு வரவில்லை. கதவை லேசாய்த் திறந்தால் காற்று பிடுங்கி மடக்கிவிடுகிறது. அந்தச் சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஏற்காது.

இதெல்லாம் சின்னக் காரியங்கள். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் தேவபிள்ளையே, கவனி! உயிருக்கு ஆபத்து வேறே இடத்தில் ஒளிந்திருக்கிறது.

பட்டணத்துக்குள்ளே ஓட்டும்போது முன்னும் பின்னும் போகிற வண்டிகளே உன்னைச் சரியான பக்கத்தில் இழுத்துக்கொண்டு போகும். பயமும் உன்னை விழிப்பாய் வைத்திருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து, வெறும் ரோடு. முன்னாலே ஒருவரும் இல்லை, பின்னாலேயும் இல்லை. காப்பி குடித்துவிட்டுக் கிளம்புகிறாய். அப்போதுதான் பழைய கை மெல்ல இடது பக்கம் திருப்பும். பார்க்க ஆளில்லாத இடத்தில், களைத்துப்போன நேரத்தில், பழைய பழக்கம் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது. ஆவிக்குரிய ஜீவியத்திலும் அப்படித்தானே? சபையிலே நூறு பேர் நடுவில் விழுகிறவன் குறைவு. தனிமையும் களைப்பும் சேர்ந்த இடத்திலேதான் விழுகிறோம்.

அப்படியானால் என்ன செய்வது? முதலாவது, நில்லுங்கள். சுவீடன் தேசமும் ஒரு காலத்தில் நம்மைப்போல இடது பக்கம்தான் ஓட்டியது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, தேசம் முழுவதும் வலது பக்கத்துக்கு மாறியது. எப்படி மாறினார்கள் தெரியுமா? விடியற்காலை 4.50-க்கு ரோட்டில் இருந்த வண்டிகளெல்லாம் நின்றன. மெதுவாய் வலது பக்கம் வந்து, மறுபடியும் நின்றன. 5 மணிக்குத்தான் புறப்பட்டன. அடுத்த வருஷம், 1968 மே 26-ல் ஐஸ்லாந்தும் மாறியது. பக்கம் மாறுகிறவன் முதலில் நிற்க வேண்டும்!

எலியா சூரைச்செடியின் கீழ் களைத்துக் கிடந்தபோது தூதன் உடனே ஓரேபுக்குத் துரத்தவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டவனை மறுபடியும் படுக்கவிட்டான். பிறகுதான் நீண்ட பிரயாணம். நீங்களும் முதல் இராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கித் தூங்குங்கள். ஒரு நாள் வாடகை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு குடும்பத்தை இழக்கலாமா? காலையில் வண்டியை எடுத்து, நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஒவ்வொரு விசையையும் தொட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, துணையின் சத்தத்துக்குக் கீழ்ப்படியுங்கள். ஆண்டவர் தம்முடைய சீஷரை இரண்டிரண்டு பேராகத்தானே அனுப்பினார்! ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், பக்கத்தில் இருக்கிற சகோதரி "வலது பக்கம்ங்க" என்று சொல்லட்டும். "எனக்குத் தெரியாதா?" என்று சகோதரன் சீற வேண்டாம். அந்தச் சீற்றம்தான் பெருமை.

மூன்றாவது, பொறுமை. அங்கே தார் ரோட்டில் 90, சரளை ரோட்டில் 80, ஊருக்குள் பெரும்பாலும் 50 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். தார் முடிந்து சரளை தொடங்குகிற இடத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் வண்டி வழுக்கும். ஒரு வண்டி மட்டும் போகிற பாலங்கள் உண்டு. யார் முதலில் கிட்ட வந்தாரோ அவரைப் போகவிடுவது அங்கே வழக்கம். 2018 டிசம்பரில் அப்படிப்பட்ட ஒரு பாலத்திலிருந்து வண்டி கீழே விழுந்து, விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தை உட்பட மூன்று பேர் மரித்தார்கள். கோடைக்காலத்தில் ஆடுகள் ரோட்டோரம் மேயும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால், குட்டி எந்த நேரமும் தாயிடம் ஓடிவரும். அதற்காக நின்று காத்திருப்பதும் ஒரு நற்குணமே.

ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அசல் லைசென்சையும் கூட எடுத்துப் போங்கள். ஆபத்துக்கு அழைக்க அங்கே 112 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

பிரியமானவர்களே, ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு மட்டுமா இந்த வார்த்தை? புதிய பாதைக்கு வந்த ஒவ்வொருவரிடத்திலும் ஒரு பழைய கை இருக்கிறது. அது எப்போது எழும்பும் என்று அறிந்து வைத்திருக்கிறவன் பாக்கியவான்.

ஜெபிப்போமா? ஆண்டவரே, களைத்த வேளையில் நிற்கவும், துணையின் சொல்லைக் கேட்கவும், எதிரே வருகிறவருக்கு வழி விடவும் எங்களுக்குக் கிருபை தாரும். பிரயாணத்தில் இருக்கிற எங்கள் பிள்ளைகளைச் சுகமாய் வீடு கொண்டுவந்து சேரும். ஆமென், அல்லேலூயா!